எதை வாய்விட்டு வாசிப்பது?

எந்த பைபிள் வாங்கலாம் என்று கேட்பவருக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பதில்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். சபையில் மூத்தவர் என்றால், பழையதை வாங்கு, அதுதான் வேதம் என்பார். இறையியல் கல்லூரிக்குப் போய் வந்தவர் என்றால், புதியதை வாங்கு, அதுதான் விளங்கும் என்பார். இருவரும் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்கப்போகிற ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. பசறையைச் சுற்றிய தோட்டங்களில் உபதேசியாராக வேதம் வாசிப்பதும், வாசிக்கப் பிறரைப் பழக்குவதுமே என் வேலை. அந்த வேலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரியம் வேறாகத் தெரிகிறது. இங்கே வேதத்தைக் கண்ணால் படிப்பவர்களைவிடக் காதால் கேட்பவர்களே இன்றும் அதிகம். வாரம் ஆறு நாள் விடியுமுன் எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடிய உடம்பு, ஏழாம் நாள் பெஞ்சில் வந்து உட்காருகிறது. அந்த உடம்பில் இருக்கும் காதுக்குள் ஒரு வாக்கியம் முழுதாகப் போய்ச் சேருமா என்பதுதான் முதல் கேள்வி. ஆகையால் ஒரு சபைக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்ற சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. எந்தப் பகுதி, எந்த இடத்தில், யார் காதில் விழப்போகிறது என்று பார்த்துத் தெரிவு செய்யலாம். இப்படிச் சொன்னால் வரும் ஆட்சேபனைகள் எனக்குத் தெரியும். அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் 'பழையது' எவ்வளவு பழையது என்று பார்த்துவிட வேண்டும். நம் ஆட்கள் ஆதியிலிருந்தே இருந்ததுபோல மதிக்கும் அந்த வேதாகமம் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு செய்து 1871 இல் முழுமையாக வெளிவந்தது. அவருக்குத் தமிழில் துணைநின்றவர் முத்தையா பிள்ளை. அதற்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு என்று பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு இருபது வருஷம் முன்பு, 1850 இல், யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். சைவத்துக்காகப் பின்னாளில் ஊரெல்லாம் பிரசங்கம் செய்த ஆறுமுக நாவலர்தான் அதற்குக் கைகொடுத்தவர். மொழிநடை நன்றாயிருந்தும் சென்னைப் பக்கத்தார் அதை ஏற்கவில்லை. இரு கரையும் இழுபட்ட பிறகு, இரு கரைக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று செய்யப்பட்டதே பவருடையது. அந்தக் காலத்தில் இரண்டு கரைக்கும் நடுவே, இந்த மலைகளில், கோப்பித் தோட்டங்களில் பெருந்தொகையான தமிழர் இருந்தார்கள். குழுவில் யாழ்ப்பாணம் இருந்தது, சென்னை இருந்தது, மலைநாடு இல்லை. கூலியாளின் பேச்சு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பவர் குழு வேலையை முடித்துக்கொண்டிருந்த அதே 1869 இல்தான் நமக்கு அடுத்த மடுல்சீமையில் கோப்பி இலையில் அந்தச் செம்மஞ்சள் தூள் நோய் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்சக் காலத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிரே மாறிப்போன மலையில் மாறாமல் நின்றவற்றில் ஒன்று அந்தப் புத்தகம். அதனால்தான் அது ஆதியிலிருந்தே இருந்ததுபோலத் தோன்றுகிறது.

அதற்கு முன்னும் பழையது ஒன்று இருந்தது, அதற்கும் முன் ஒன்று. சீகன்பால்க் 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1714 இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றத் தொடங்கினார். இந்திய மொழிகளிலேயே அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. கொழும்பில் ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு தெ மெல்லோ திருத்திய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இல் அச்சானது. பின்பு பப்ரிஷியஸ் வந்தார். அவருடைய மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் விடவே இல்லை. பவருடையது வந்த பிறகும் தலைமுறைகளாக அதையே கையில் வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழாகாது, கேட்பவனுக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும் என்று வாதாடி 1827 இல் ஒரு கட்டுரையே எழுதினார். இன்று கல்லூரிப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசும் விஷயம் அது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஆண்டவரைக் குறிக்கும் சொல்லே மாறியிருக்கிறது. சீகன்பால்குக்குச் சர்வேசுரன், பப்ரிஷியஸுக்குப் பராபரன், பவருக்குத் தேவன், பின்வந்தவர்களுக்குக் கடவுள். ஒவ்வொரு முறையும் முந்திய சொல்லில் ஜெபம்பண்ணிப் பழகியவர்கள் முறைப்பட்டார்கள். சிங்களத்திலும் இதே கதைதான். 1830களில் கோட்டை மிஷனரிமார், பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல்லைப் போட்டு ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டதும் பெரிய சண்டை நடந்தது. ஆக, பழையதுதான் வேதம் என்பவர் எந்தப் பழையதைச் சொல்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் பவருடைய மொழிபெயர்ப்பை நான் தாழ்த்துவதாக நினைக்க வேண்டாம். அது எங்கள் ஆட்களின் நெஞ்சில் ஏறிய விதம் வேறெந்தப் புத்தகத்துக்கும் வாய்க்காதது. 1850களில் சி.எம்.எஸ். சங்கத்தார் கூலிகளுக்கென்று தனி மிஷன் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்மார்தான். துரை அனுமதித்தால் மடுவத்தில், இல்லாவிட்டால் லயத்து வாசலில் கூட்டம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். கூட்டம் திருப்பிச் சொல்லும். அப்படித்தான் சங்கீதம் 23 உம் 91 உம் 121 உம் ஒரு எழுத்தும் அறியாத பாட்டிமாருக்கு மனப்பாடமாயின. மலையைப் பார்த்துக்கொண்டு மலையைப் பற்றிய சங்கீதத்தைச் சொல்பவர்களுக்கு அதில் எந்தச் சொல் வடமொழி, எந்தச் சொல் வழக்கொழிந்தது என்பதெல்லாம் ஒரு பொருட்டா? சொல்லின் அர்த்தம் தெரிந்து வந்த பற்று அல்ல அது. மூச்சோடு சேர்ந்து வந்தது. பவரின் சங்கீதங்களில் வரி உடையும் இடம் மூச்சு வாங்கும் இடமாக இருக்கிறது. கூட்டமாகச் சொல்ல ஏற்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, சாவு வீட்டில், குழிமேட்டில் புதிய மொழிபெயர்ப்பில் அதே சங்கீதத்தை வாசித்தால் கூடியிருப்பவர்களின் உதடு அசையாது. பழையதை வாசித்தால் இரண்டாம் சொல்லிலேயே எல்லா உதடும் சேர்ந்துகொள்ளும். வாசிப்பவர் தனியாக வாசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். இந்த இடத்தில் விளக்கம் வேண்டியதில்லை, துணைதான் வேண்டும். ஆகவே சங்கீதத்துக்குப் பழையது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

நல்ல தமிழில் வந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பியவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. லார்சன் ஐயரும் ஜி. எஸ். துரைசாமியும் உழைத்துத் திருத்திய மொழிபெயர்ப்பு 1936 இல் வந்தது, மறுபடி திருத்தப்பட்டு 1956 இலும் வந்தது. மூலத்தை அறிந்தவர்கள் செய்தது. தமிழும் பவரைவிடத் தெளிவு. அறிஞர்கள் புகழ்ந்தார்கள், போதகர்மார் அலுமாரியில் வைத்துக்கொண்டார்கள். சபை அதைத் தொடவில்லை. ஆனால் 1995 இல் வந்த திருவிவிலியம், அதைவிடப் பெரிய மாற்றங்களோடு வந்தும், எங்கள் மலைகளில் வேரூன்றிவிட்டது. ஏன்? கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது என்றாலும், அதற்கு ஒரு நிச்சயமான இருக்கை கிடைத்தது கத்தோலிக்கத் திருப்பலியில். ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலிலும், ஒருவர் எழுந்து அதை வாய்விட்டு வாசித்தே தீர வேண்டும். வாசகப் புத்தகம் அதுவாகிவிட்டால் விருப்பு வெறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து வருஷத்தில் காது பழகிவிடும். லார்சனுடையதற்கு அப்படி ஒரு இருக்கை எங்கும் இருக்கவில்லை. ஒரு மொழிபெயர்ப்பின் தலைவிதி அதைச் செய்த மேசையில் தீர்வதில்லை. வாரா வாரம் யார் அதை உரக்க வாசிக்கிறார்கள் என்பதில் தீர்கிறது.

கத்தோலிக்கர் அதை அவ்வளவு சுலபமாக ஏற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வத்திக்கான் சங்கத்துக்கு முன் பூசை இலத்தீனில் நடந்தது. தோட்டத்துக் கத்தோலிக்கருக்கு வேதம் என்பது செபமாலை, பிரார்த்தனை, பெரிய வெள்ளியில் பாடும் பாட்டு, பாஸ்கு நாடகம் இவைதான். புத்தகமாக அது வீட்டில் இருந்ததில்லை. 1972 இல் பதுளை தனி மறைமாவட்டமாகி லியோ நாணயக்கார ஆண்டகை முதல் ஆயராக வந்த காலத்தில்தான் சொந்த மொழி வழிபாடு மலைகளில் நிலைகொண்டது. மனப்பாடமான பழைய வசனம் இல்லாததால் புதிய வசனத்தோடு மோதவும் ஒன்றும் இருக்கவில்லை. அவர்களும் ஒன்றுமே இழக்கவில்லை என்று சொல்ல முடியாது. தலைமுறையாகச் சொல்லி வந்த சேசுநாதர் இயேசு ஆனார். இராயப்பர் பேதுருவாகவும் அருளப்பர் யோவானாகவும் சின்னப்பர் பவுலாகவும் மாறினார்கள். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் இன்றும் ராயப்பனும் சின்னப்பனும் இருக்கிறார்கள்; பலிபீடத்தில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படுவதில்லை. இதை நான் சொல்வது, திருவிவிலியத்தைக் 'கத்தோலிக்க பைபிள்' என்று ஒதுக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்காக. இரு பக்கமும் விட்டுக்கொடுத்துத்தான் அது ஆனது.

இனி ஒரு பகுதியை எடுத்துக் கையில் வைத்தே பார்க்கலாம். மத்தேயு 20 ஆம் அதிகாரம், திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமை. எங்கள் சபைகளில் இதற்கு நிகராகக் காது கொடுத்துக் கேட்கப்படும் பகுதி வேறில்லை. தோட்டம், எஜமான், கூலி, விடியற்காலையில் ஆள் எடுப்பது, மாலையில் கணக்குத் தீர்ப்பது என்று எல்லாமே வீட்டு விஷயம். பவரில் எஜமான் கூலி கொடுக்கச் சொல்வது காரியக்காரனிடம். அந்தச் சொல் விழுந்ததும் கணக்கப்பிள்ளையின் முகம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். புதியதில் அவர் மேற்பார்வையாளர். கந்தோரிலிருந்து யாரோ வந்தது போலிருக்கும். பவரில் கூலி ஒரு பணம்; யாருக்கும் விளங்கும். புதியதில் தெனாரியம், வாசிப்பவரும் தடுமாறுவார், கேட்பவரும் அதை விட்டுவிடுவார். இதுவரை பழையதற்கே வெற்றி. ஆனால் கதையின் முடிச்சு நேரத்தில் இருக்கிறது. கடைசி ஆட்கள் வேலைக்கு வந்தது பவரில் பதினோராம் மணி வேளை. யூதர் விடியலிலிருந்து எண்ணிய கணக்கு அது. தோட்டத்து ஆள் பதினொரு மணி என்றால் முற்பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தைத்தான் நினைப்பார். பதினொரு மணிக்கு மலைக்கு ஏறியவன் அரை நாளாவது வேலை செய்திருப்பான். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளமாவது அவனுக்கு உண்டு. அவனுக்கு முழுப்பேர் போட்டால் அதில் என்ன பெரிய அதிசயம்? திருவிவிலியத்தில் அதே நேரம் ஐந்து மணி. ஐந்து மணிக்கு மலையில் ஆளே இருக்காது. அந்த நேரத்துக்கு வந்தவனுக்கு முழுப்பேர் என்றதும்தான் பெஞ்சில் ஒரு சலசலப்பு எழும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆன பிறகு, பல தோட்டங்களில் கிலோக் கணக்கைக் கூட்டி, எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த உவமையைக் கேட்டவர்களில் சிலர் எஜமானின் பக்கம், சிலர் முறுமுறுத்த முதல் ஆட்களின் பக்கம். உவமை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பகுதியைப் புதியதில் வாசிக்கச் சொல்வேன். வாசிக்குமுன், தெனாரியம் என்றால் ஒரு நாள் சம்பளம் என்று ஒரே வரியில் சொல்லிவிடச் சொல்வேன்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று மரியாதை. பவரின் மொழிபெயர்ப்பில் ஆண்டவருக்கு 'அவர்'. பேதுருவுக்கு 'அவன்', யோவான்ஸ்நானனுக்கு 'அவன்', ஆண்டவரைப் பெற்ற தாய்க்கும் 'அவள்'. கிணற்றடியில் தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணுக்கும் 'அவள்'தான். 1871 இன் எழுத்துத் தமிழில் இது இயல்பு. யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் நம் மலையில் அந்த 'அவன்', 'அவள்', 'நீ' எல்லாவற்றுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நம் பாட்டன் பாட்டியை அழைத்தது அப்படித்தான். தாத்தாவின் வயதுடைய ஆளைச் சின்ன வயதுக் கணக்கப்பிள்ளை 'நீ' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. 1948 இல் குடியுரிமை இல்லை என்றாக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் இத்தனை பேர் அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று பங்கிடப்பட்ட சமூகமும் இதுதான். அப்படிப்பட்டவர்களின் காதில், மீன் பிடிப்பவரும், தண்ணீர் சுமக்கும் பெண்ணும், கண்தெரியாத பிச்சைக்காரரும் 'என்றார்' என்று வாசிக்கப்படுவது சின்ன விஷயம் இல்லை. திருவிவிலியம் அதைச் செய்கிறது. சமாரியப் பெண் அங்கே கேட்கிறாள் என்பதில்லை, கேட்கிறார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்கு அந்த 'ஆர்' விகுதி எந்தப் பிரசங்கமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. சுவிசேஷங்களைப் புதியதில் வாசிக்க வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவே முதற்காரணம். மூலம், கையெழுத்துப் பிரதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைப் பழைய பைபிள்காரர்கள் சரியாகவே சொல்கிறார்கள். பவரில் 'என்றார்' என்றால் ஆண்டவர் பேசினார், 'என்றாள்' என்றால் அந்தப் பெண் பேசினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேச்சு என்று தெரியும். புதியதில் இருவரும் 'என்றார்'. யோவான் 4 ஆம் அதிகாரம் போன்ற நீண்ட உரையாடலில் கேட்பவர் நடுவில் எங்கோ தொலைந்துபோகிறார். இது உண்மை. புதியதில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள், ஆனாலும் போதாது. இந்தக் குறையை வாசிப்பவர் குரலால்தான் தீர்க்க வேண்டும். ஒருவர் பேச்சு முடிந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்தவர் பேச்சை வேறு உயரத்தில் எடுக்கப் பழக்க வேண்டும். நாடகம் ஆடச் சொல்லவில்லை. காமன்கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடிய மலையில் இதை யாரும் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. ஆளை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும். வழக்கமாக ஒரு வாலிபன் புத்தகத்தைத் திறந்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு உட்காருவான். அவனுக்கு எந்த மொழிபெயர்ப்பைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

பழையதற்கும் அச்சில் ஒரு தொல்லை இருக்கிறது. பவரின் பதிப்புகளில் சொற்கள் புணர்ந்தே அச்சாகும். மூன்று நான்கு சொற்கள் ஒட்டி ஒரே நீளச் சொல்லாக வரி முழுதும் கிடக்கும். பாடசாலைத் தமிழில் பழகிய பிள்ளைக்கு அது எங்கே முறியும் என்று தெரியாது. முறியக்கூடாத இடத்தில் முறித்து வாசிக்கும், அர்த்தம் போய்விடும். அதற்கு நான் சொல்லிக்கொடுப்பது சனிக்கிழமை இரவே பென்சிலால் சொல்லுக்குச் சொல் சின்னக் கோடு இழுத்துவைப்பது, வினை முடியும் சொல்லுக்கு அடிக்கோடு போடுவது. பவுலின் நிருபங்களில் அந்த அடிக்கோடு சில வேளை அடுத்த பத்தியில்தான் விழும். எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். பவர் அந்த நீளத்தைக் கூடியமட்டும் காப்பாற்ற முயன்றிருக்கிறார். தமிழ் வினை கடைசியில் வரும் மொழி. அவ்வளவு நேரம் எச்சங்களைத் தலையில் சுமந்துகொண்டு, களைத்த ஒரு ஆள் முற்றுவினைக்குக் காத்திருக்க முடியாது. நிருபங்களையும் தீர்க்கதரிசிகளையும் புதியதில்தான் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை. அண்மையில் பவரின் நடையையே வைத்துக்கொண்டு புணர்ச்சியைப் பிரித்து, கடினச் சொற்களை மாற்றி, இந்தியத் திருத்திய மொழிபெயர்ப்பு என்று ஒன்று வந்திருக்கிறது. பழையதை விடவும் முடியாது, வாசிக்கவும் முடியாது என்று தவிக்கிற சபைகளுக்கு அது நல்ல நடுவழி. மரியாதை விஷயத்தை மட்டும் அது தீர்க்கவில்லை.

வயதானவர்களுக்குப் பழையது, இளைஞர்களுக்குப் புதியது என்று ஒரு சுலபமான கணக்கு பலரும் போடுகிறார்கள். தோட்டத்தில் அது பொய்த்துப்போகிறது. கடந்த முப்பது நாற்பது வருஷத்தில் லயங்களுக்குள்ளேயே வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்கள் கையில் இருப்பது பவர்தான். வேறொன்றை வேதம் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். முன்பு கசெட்டில், பின்பு தொலைக்காட்சியில், இப்போது போனில் தமிழ்நாட்டுப் பிரசங்கியார்மார் பேசுவது முழுக்கப் பவரின் வசனம். பாட்டுகளும் அந்தச் சொற்களில்தான். இங்கேயும் பார்க்க வேண்டியது வயதை இல்லை, காதை. போன் வந்த பிறகு இன்னொன்றும் நடந்திருக்கிறது. பல மொழிபெயர்ப்புகளை ஒரே செயலியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. சிங்கள மொழிமூலம் படிக்கும் பிள்ளைகள் சிங்களத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் கேட்கிறார்கள். பிரசங்கம் நடக்கும்போதே, ஐயா, இங்கே வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அப்படிக் கேட்பதை நான் குற்றமாக எண்ணவில்லை. நாலு பெயர்ப்பைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, மொழிபெயர்ப்பு என்பது மனுஷர் செய்த வேலை என்று தானாகவே தெரிந்துவிடுகிறது.

அந்த இடத்தில்தான் அடுத்த ஆட்சேபனை எழும்புகிறது: புதியதில் வசனங்களை வெட்டிவிட்டார்கள். அப்போஸ்தலர் 8:37 எங்கே? 1 யோவான் 5:7 ஏன் குட்டையாக இருக்கிறது? கேள்வி நியாயமானது, சதி என்று பதில் சொல்வதுதான் அநியாயம். பவர் குழு வைத்துக்கொண்டது அந்நாளில் எல்லாரும் வைத்திருந்த கிரேக்கப் பதிப்பை. சீனாய் மலை மடத்திலிருந்து கிடைத்த மிகப் பழைய கையெழுத்துப் பிரதியைத் திஷண்டார்ப் 1862 இல்தான் அச்சில் வெளியிட்டார். அதையும் அதுபோன்ற பழைய பிரதிகளையும் ஒப்பிட்டுத் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு வந்தது 1881 இல், பவர் முடித்துப் பத்து வருஷத்துக்குப் பின். அந்தப் பழைய பிரதிகளில் இந்த வரிகள் இல்லை. பிற்காலப் பிரதிகளில் சேர்ந்தவை அவை. புதியதைச் செய்தவர்கள் அதை மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் யாரும் அடிக்குறிப்பை வாய்விட்டு வாசிப்பதில்லை என்பதால்தான் சந்தேகம் முளைக்கிறது. அப்போஸ்தலர் 8 ஆம் அதிகாரத்தைப் புதியதில் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, ஏன் எண் தாண்டுகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. சொல்லாமல் தாண்டினால் அடுத்த கிழமை யாரோ ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இப்படிப் பகுதிக்குப் பகுதி மாற்றினால் பிள்ளைகள் எதை மனப்பாடம் செய்வது, சபை குழம்பாதா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. குழம்பும் என்று சொல்பவர்கள் தோட்டத்து ஆளின் காதைக் குறைத்து மதிக்கிறார்கள். லயத்தில் ஒரு பேச்சு, பாடசாலையில் ஒரு தமிழ், பசறைக் கடைத்தெருவில் சிங்களம், செங்கலடி வரை போகும் இதே வீதியில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினால் அங்கே இன்னொரு தமிழ் என்று நாளும் நாலு மொழிநடையில் நடமாடுகிற ஆட்கள் நாங்கள். சங்கீதம் ஒரு நடையிலும் சுவிசேஷம் இன்னொரு நடையிலும் வந்தால் குழம்பிவிட மாட்டோம். குழப்பம் வருவது ஒரே பகுதியை இந்த ஞாயிறு ஒன்றிலும் அடுத்த ஞாயிறு மற்றொன்றிலும் வாசிக்கும்போதுதான். ஆகவே தெரிவு செய்வது பகுதிக்குப் பகுதி இருக்கட்டும், தெரிவு செய்ததை மாற்றாமல் இருக்கட்டும். மனப்பாடத்துக்கு ஞாயிறு பாடசாலையில் சங்கீதங்களையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பழையதில் கொடுப்பதே நல்லது. பாட்டியோடு சேர்ந்து சொல்ல ஆள் இருக்கும். உவமைகளை யாரும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கதையாகத் தெரிந்தால் போதும், அதற்குப் புதியதே மேல். கலியாண வீட்டில் இரண்டு குடும்பமும் இரண்டு சபை என்றால் திருவிவிலியத்தை எடுத்தால் ஒரு பக்கமாவது முகம் சுளிக்காது. சாவு வீட்டில் அந்த யோசனையே வேண்டாம், இறந்தவர் எந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தாரோ அதையே எடுத்து வாசித்துவிடலாம்.

கடைசியில் பணமும் பார்வையும் நம் விருப்பத்தைக் கேட்காமலே சில காரியங்களைத் தீர்த்துவிடுகின்றன. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது இந்தியாவிலிருந்து வரும் எல்லாப் புத்தகமும் எட்டாக்கனியானது. கட்டியான அட்டையோடு வரும் திருவிவிலியம் கொழுந்து பறிப்பவருக்குச் சில நாட் சம்பளம். பவர் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்க முடிந்த வீட்டிலும் லயத்துக் காம்பராவின் ஒற்றை பல்பின் கீழ் அந்தச் சின்ன எழுத்து அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரிய எழுத்துப் பதிப்பு தாராளமாகக் கிடைப்பது பழையதில்தான். ஆகவே வயதானவருக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் எந்த மொழிபெயர்ப்பு என்று நான் விவாதிப்பதில்லை, எழுத்தின் அளவைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். கோயிலுக்கு வாங்குகிறவர்களிடம்தான் மற்ற எல்லாவற்றையும் பேசுகிறேன்.